கட்டைவிரல் பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கச்சி எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம், அவருடைய குறட்டையும் சௌக்கியம். இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. போனில் கேட்டால் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே "நல்லாத்தான் இருக்கேன், வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கத்தி செய்கிறேன். சிரிக்காதே. கண்ணாடிக் கடையில் வாரம் முழுக்க அடுத்தவர் மூக்கின்மேல் பிரேம் வைத்து எடுக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரும்போடு மல்லுக்கட்டத் தோன்றியது, அவ்வளவுதான். பால்கனியில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் மாட்டியாயிற்று. பட்டை இரும்பை ரம்பத்தால் கத்தி வடிவத்துக்கு அறுத்து, அரத்தால் தேய்த்து, கரி அடுப்பில் வைத்து என் ஹேர் டிரையரால் ஊதிச் சிவக்கக் காய்ச்சினேன். அதன்பின் எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெயை ஏன் வீணாக்க வேண்டும் என்று நான் தண்ணீரில் முக்கினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். நடுவில் விரிசல். "படிச்சிட்டுச் செய்யக் கூடாதா?" என்றார் உன் மாப்பிள்ளை. படித்துவிட்டுத்தான் செய்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவதை எண்ணெயில் முக்கினேன். உயிரோடு வந்தது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். இது பளபளப்பு இரும்பு இல்லை, ஈரமும் சாறும் பட்டால் கறுக்கும், துடைத்து வை. பெரிய தொழிற்சாலைக் கேன்டீனுக்குத் தலைமைச் சமையல்காரன் நீ. உன் பலகையில் நிற்கிற மாதிரி ஒரு கத்தி நான் செய்தே தீர வேண்டும். முகத்துக்காகப் பாராட்டாதே. 'கத்தி நேராகப் போகிறது' என்ற மூன்று வார்த்தை உன் கையெழுத்தில் வரும்வரை நான் விடப்போவதில்லை.

உன் தங்கச்சி

பிப்ரவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்ல, கேன்டீனில் கூட இருக்கும் ரொட்டிக்காரர் எழுதுவது. நான் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறேன். ஆவி பட்டு விரல் கொஞ்சம் சுட்டுவிட்டது, அதனால்தான் இவர் கையெழுத்து. முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

கத்தி வந்தது. இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்கத்தான் நினைத்தேன். கையில் எடுத்துப் பார்த்ததும் கேட்கவில்லை. கூர் இருக்கிறது. ஆனால் நேராகப் போகவில்லை. வெள்ளரிக்காயை வில்லை போட்டால் மேலே தடியாகவும் கீழே தாள் மாதிரியும் வருகிறது. வெட்டுகிற கத்தி வெளியே வெளியே ஓடுகிறது. கைப்பிடியில் ஒரு பக்கம் புடைப்பு விட்டிருக்கிறாயே, அது உள்ளங்கையில் உட்காராமல் விரல்களைக் குத்துகிறது.

இங்கே ஒரு செய்தி. கேன்டீன் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. நிர்வாகமும் புதுசு. ஆகஸ்டு கடைசியில் சமையல்காரர்கள் எல்லாரையும் தங்கள் கண்ணெதிரே வெட்டிச் சமைக்கச் சொல்லப் போகிறார்களாம். அதை வைத்துத்தான் யார் தலைமை, யார் வீட்டுக்கு என்று முடிவாகும். எனக்கென்ன பயம்? இத்தனை வருஷம் பிடித்த கத்தி.

அண்ணன்

(எழுதியவன்: அம்மா, தாளில் இருக்கும் வெள்ளை மாவுதான், பயப்பட வேண்டாம். கைப்பிடி மரம் அழகு.)

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

விரல் ஆறிவிட்டதா? ஆவி பட்ட இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று ஒரு சமையல்காரனிடம் சொல்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நாங்கள் நலம். ரொட்டிக்காரருக்கு என் நன்றி. அவர் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் என்னைக் குழப்பிவிட்டது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அரம் பிடிக்கப் பழகாதவள் எனக்கு வசதியான பக்கத்தையே அதிகம் தேய்த்திருக்கிறேன். கத்தியின் வலது முகம் சரிவாக இறங்கிவிட்டது, இடது முகம் கிட்டத்தட்ட தட்டை. அதனால் ஒரு பக்கம் இழுக்கும், சரிதான். ஆனால் சோதனைக்காக, கணக்கில் சேராமல், அதே மாதிரி ஒரு நகல் செய்து நானும் வெள்ளரிக்காய் வெட்டிப் பார்த்தேன். எனக்குக் கீழேதான் தடிக்கிறது, மேலே மெலிகிறது. நீ சொல்வதற்கு நேர் எதிர்! கத்தி உள்ளே போகிறதே தவிர வெளியே ஓடவில்லை. கைப்பிடிப் புடைப்பும் என் உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொள்கிறது.

உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உங்கண்ணன் எப்பவுமே எல்லாத்துக்கும் எதிர்தானே" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு.

இருந்தாலும் ஐந்நூறு பேருக்கு வெட்டுகிறவன் சொல்லா, பால்கனிக்காரி சொல்லா? உன் சொல்லைத்தான் நம்பினேன். வெளியே ஓடுகிறது என்றால் வலது முகத்தை இன்னும் சரித்தால் உள்ளே திரும்ப வேண்டும். அப்படியே மூன்றாவதைச் செய்தேன். புடைப்பையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். பிரித்து வெட்டிப் பார். ஆகஸ்டில் அவர்கள் முன்னால் என் கத்தியோடுதான் நீ நிற்க வேண்டும். பதிலை நீயே எழுது.

உன் தங்கச்சி

ஏப்ரல் 1

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம்தானே? நானும் அப்படியே. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத்து தெரிவதில்லை. அதனால் மறுபடியும் ரொட்டிக்காரர்.

மூன்றாவது, இரண்டாவதைவிட மோசம். பாதி வில்லை வருவதற்குள் கத்தி வெளியே வந்து நிற்கிறது. புடைப்பு விரலைக் கொப்பளிக்க வைத்துவிட்டது. தங்கச்சி, நீ முயற்சி செய்ததே பெரிது. இதோடு விட்டுவிடு. கடைக் கத்தி எனக்குப் போதும். ஆகஸ்டு வேலை தலைக்குமேல் இருக்கிறது, கத்தியோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

அண்ணன்

(எழுதியவன்: அவர் சொன்னதை மட்டும் எழுதினேன்.)

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். நம்பவில்லை, ஆனால் சந்தோஷம். இங்கே நாங்கள் உண்மையாகவே நன்றாக இருக்கிறோம்.

முதலில் கண்ணாடி. உன் தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்று மறந்துபோச்சா? உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கண்ணாடி உடைந்தது என்று சொல்லலாம், என்னிடம் சொல்லலாமா? பவர் எவ்வளவு என்று ஒரு வரி போடு, அடுத்த நாளே பெட்டியில் வரும். போன தடவை விரல், இந்தத் தடவை கண்ணாடி. அடுத்தது என்ன, பேனாவைக் காக்கா தூக்கிக்கொண்டு போனதா?

இரண்டாவது, கத்தி. விடமாட்டேன். நீ சொன்னபடி செய்த கத்தி நீ சொன்னதற்கு எதிராக நடக்கிறது என்றால் எங்கேயோ நான் எதையோ பார்க்கவில்லை. இரண்டு கத்தியையும் திருப்பி அனுப்பு. கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பாதே. பலகையிலிருந்து எடுத்தபடியே அனுப்பு. நீ இதோடு விடு என்றதும் விட்டுவிடுகிறவளா நான்? சின்ன வயதில் சைக்கிள் விஷயத்திலும் இதையேதான் சொன்னாய். யார் ஓட்டினார்கள்?

உன் தங்கச்சி

மே 18

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். அனுப்பிவிட்டேன். கண்ணாடி சரியாகிவிட்டது, நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

(எழுதியவன்: கண்ணாடி சரியானபின்னும் நான் ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று இவரிடம் சொன்னேன். "எழுதுய்யா" என்றார்.)

ஜூன் 3

மதிப்புக்குரிய ரொட்டிக்காரர் அண்ணனுக்கு,

உங்கள் முகம் தெரியாது, கையெழுத்து நன்றாகத் தெரியும். நீங்களும் உங்கள் அடுப்பும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணனிடம் காட்டாதீர்கள்.

கத்திகள் வந்தன. சொன்னபடியே துடைக்காமல்தான் அனுப்பியிருந்தார். வெங்காயச் சாறு பட்டு இரும்பு முழுக்கக் கறுத்திருந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில், விரல் அழுத்திப் பிடித்த இடம் மட்டும் சாறு படாமல் வெளுப்பாக நின்றது. கத்தியின் ஒரு முகத்தில் பெரிதாக ஒரு வெளுப்பு. அது கட்டைவிரல். இன்னொரு முகத்தில் ஆள்காட்டி விரல். என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் கட்டைவிரல் இடது முகத்தில் விழுகிறது, அவருடையது வலது முகத்தில். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் தெரியுமா? அப்புறம்தான் கத்தியை இடது கைக்கு மாற்றினேன். அச்சாகப் பொருந்தியது.

இடது கையால் வெள்ளரிக்காய் வெட்டினேன். மேலே தடி, கீழே தாள். கத்தி வெளியே ஓடியது. புடைப்பு விரலைக் குத்தியது. அவர் எழுதச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம். நான்தான் வலது கையை நினைத்துக்கொண்டு அவருக்கு மேலும் மேலும் கெடுதல் செய்திருக்கிறேன்.

என் அண்ணன் இடக்கைக்காரர் இல்லை. வலது கையால் எழுதி, வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் என் தலையில் குட்டி வளர்த்தவர். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? எப்போதிலிருந்து? பால்கனியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. அடுத்த வண்டியில் வந்து அவர் பெட்டியைக் கட்டிக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் கூடவே இருக்கிறவர். சொல்லுங்கள், வரவா?

கத்திக்காரி

ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

ரொட்டிக்காரன் வணக்கத்தோடு எழுதுவது. அடுப்பும் நானும் சூடாக இருக்கிறோம்.

"தங்கச்சிகிட்ட சொன்னேன்னா உன் மாவு பொங்காமப் போகட்டும்" என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் பிழைப்பே மாவில்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிட்டதற்கு ஆமாம் போட்டால் சத்தியம் கெடாது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே: ஆமாம்.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. நரம்பு என்றார் டாக்டர். கட்டைவிரலும் பக்கத்து விரலும் மரத்துவிட்டன. பெரிய கரண்டியைப் பிடிக்கிறார், வாளியைத் தூக்குகிறார். கத்தி, பேனா மாதிரி மெல்லிய சாமானைத்தான் பிடிக்க முடியவில்லை, நழுவுகிறது. திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் இடது கையால் வெட்டிப் பழகுகிறார். அவர்கள் வந்ததும் மேற்பார்வை பார்க்கிற மாதிரி கையைக் கட்டிக்கொள்கிறார். உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறவரை அந்தக் காலை நேரத்தில் அவர் எடுத்தது உங்கள் கத்தியைத்தான். மோசம், மோசம் என்று திட்டிக்கொண்டே அதைத்தான் எடுத்தார். கத்தி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. கை விஷயத்தில் மட்டும்தான்.

வரவா என்று கேட்டீர்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் "அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த வண்டில வந்து பெட்டியக் கட்டிடுவா. அப்புறம் நான் அவ வீட்டு நாற்காலிதான்" என்று அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் அந்த வண்டியில் வரவேண்டாம். ஒரு நல்ல கத்தியை அனுப்புங்கள். ஆகஸ்டு வருகிறது.

ரொட்டிக்காரன்

ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை விட்டிருக்கிறது, துணி காய்கிறது, வீட்டில் எல்லாரும் தெம்பாக இருக்கிறோம். என் வலது கை விரலில் மட்டும் மூன்று பிளாஸ்திரி. ஏன் என்று கேட்காதே. உன் மாப்பிள்ளை ஒரு மாதமாகக் கோணல்மாணல் கேரட் சாப்பிட்டு வருகிறார். "யானைக்குப் போடறதா எனக்குப் போடறதா?" என்கிறார். சாப்பிடட்டும்.

நாலாவது, ஐந்தாவது கத்தி உருப்படவில்லை. நாலாவது எண்ணெயில் இறக்கும்போதே வளைந்துவிட்டது, அவசரம். ஐந்தாவதில் காந்தம் ஒட்டாமல் போகிற அளவுக்குச் சூடேறும்வரை காத்திருக்காமல் எடுத்துவிட்டேன், இரும்பு இறுகவே இல்லை, தக்காளித் தோலுக்கே பணிந்துபோகிறது. இரண்டையும் மூலையில் வைத்துவிட்டு ஆறாவதை ஆரம்பித்தேன்.

ஆறாவதில் ஒரு கூத்து. வைஸில் கத்தியைத் திருப்பி மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. தேய்த்து முடித்தபின் பார்த்தால் சரிவு முழுக்க இடது முகத்தில் இறங்கியிருக்கிறது. கைப்பிடிப் புடைப்பும் எதிர்ப் பக்கம். கட்டைவிரல் வைக்க ஒரு சின்னப் பள்ளம் தோண்டினேன், அதுவும் பார் வலது முகத்தில் போய் விழுந்துவிட்டது. கற்றுக்குட்டி வேலை என்றால் இப்படித்தான். என் வலது கைக்கு இது சுத்தமாக ஒத்துவரவில்லை.

ஆனாலும் இரும்பு நன்றாக இறுகியிருக்கிறது, ஓவனில் மெல்லச் சூடாக்கியதும் பதமாக வைக்கோல் நிறத்துக்கு வந்தது, கூர் நிற்கிறது. தூக்கிப்போட மனசில்லை. உன் அடுக்களையில் இத்தனை பேர் இருக்கிறார்கள், யார் கைக்காவது ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பு, ஏழாவது செய்கிறேன். எட்டாவதும் செய்வேன். இரும்புக்கு என்ன பஞ்சம்?

நான் கேட்ட மூன்று வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது.

உன் தங்கச்சி

செப்டம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

ரொட்டிக்காரன் எழுதுவது. இதை உங்கள் அண்ணன் சொல்லி எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன். எல்லாரும் நலம், கடைசி வரைக்கும் பதறாமல் படிக்கலாம்.

கத்தி வந்த அன்று உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'திருப்பி மாட்டிவிட்டேன்' என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கத்தியை இடது கையில் எடுத்து அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை. "இது தப்பாத் தேச்சது இல்லய்யா" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீதானே?" "என் மாவைப் பாருங்க, பொங்கித்தான் இருக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் நான் பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவர் சீக்கிரம் போகவில்லை. எல்லாரும் வருகிற நேரத்துக்கே போய், எல்லாரும் பார்க்க, இடது கையால் வெட்டினார். முதல் நாள் எல்லாரும் அவரவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் உதவியாள் ஒருவன் "மாஸ்டர், வெங்காயம் பெருசு பெருசா இருக்கு" என்று கிண்டல் செய்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நிர்வாகத்து ஆட்கள் வந்த அன்று, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இவர் சொல்லிவிட்டார். "வலது கை கரண்டி பிடிக்கும், கத்தி பிடிக்காது. கத்திக்கு இந்தக் கை. புதுசு. பாத்துட்டுச் சொல்லுங்க." சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். வேகத்தில் மூன்றாவதாகத்தான் வந்தார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வந்தவர்களில் ஒரு அம்மாள், தலைமை அதிகாரி, எல்லாருடைய பலகையிலிருந்தும் வெள்ளரி வில்லைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். மற்றவர்களுடையது சாய்ந்தது. இவருடையது நின்றது. "யார் செஞ்ச கத்தி?" என்றார். "என் தங்கச்சி" என்றார் இவர். சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தபின் அவர்கள் யோசிக்கவே இல்லை. புதுக் கட்டடத்திலும் தலைமை இவர்தான்.

முந்தாநாள் என் பேனாவை வாங்கிக்கொண்டு போனார். இதோடு இருக்கும் தாள் அவருடையது. எத்தனை தாள் கிழித்தார் என்று சொல்ல வேண்டாமென்று உத்தரவு. எனக்கும் ஒரு கத்தி செய்ய முடியுமா? நான் வலது கை.

ரொட்டிக்காரன்

தங்கச்சி,

கத்தி நேராகப் போகிறது.

கையெழுத்துதான் கோணல்.

அண்ணன்